அச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை

சூளையின் மூடியைத் தூக்கியபோது இட்லித் தட்டைக் காணவில்லை.

கண்ணாடி இருந்தது. முந்தின நாள் எப்படி வைத்தார்களோ அப்படியே, சதுரமாக, எந்த வளைவும் இல்லாமல் படுத்திருந்தது. அதற்குக் கீழே காத்தாயி வீட்டு அலுமினிய இட்லித் தட்டு இருக்க வேண்டும். அந்த இடத்தில் கொட்டிய பால் உறைந்துபோன மாதிரி ஏதோ பளபளப்பாகப் பரவிக் கிடந்தது.

“யாரோ எடுத்துட்டாங்க” என்றார் இன்னாசி.

“எரியற சூளைக்குள்ள கையை விட்டா?” என்றாள் காத்தாயி.

“அவனுக்கு என்ன அவசரமோ.”

பூவராகன் அந்தப் பளபளப்பை விரலால் தட்டிப் பார்த்தார். டிங்கென்றது. சுரண்டிப் பார்த்தார். முகர்ந்தும் பார்த்தார். தலைவர் என்பதால் எதையும் உடனே சொல்லிவிட முடியாது.

“தட்டு எங்கியும் போகல” என்றார் கடைசியில். “இங்கதான் இருக்கு. கண்ணாடி மாதிரி ஆயிடுச்சு.”

நான்கு பேரும் குனிந்து பார்த்தார்கள். உண்மைதான். கண்ணாடி தட்டைப் போலக் குழிந்திருக்க வேண்டும். தட்டு கண்ணாடியைப் போலத் தட்டையாகியிருந்தது. யார் யாருக்கு அச்சு என்பதில் சூளைக்குள் ஏதோ தகராறு நடந்து, கண்ணாடி ஜெயித்திருந்தது.

கோணாங்குளத்துக்கு அந்த மின்சாரச் சூளை ஏதோ ஒரு திட்டத்தில் வந்தது. சூளை வேண்டுமென்றால் சங்கம் வேண்டும் என்றார்கள், சங்கம் அமைந்தது. சங்கத்துக்குத் தலைவர் வேண்டும் என்றார்கள். அன்று பஞ்சாயத்து அலுவலக வாசலில் வேறு வேலை இல்லாமல் நின்றவர் பூவராகன். அவருக்குக் குடை பிடித்துக்கொண்டு நின்ற மாசிலாமணி செயலாளர் ஆனார். டீக்கடையில் டீ ஆற்றுகிற இன்னாசி, கடை லீவு என்பதால் வந்தவர், அவர் உறுப்பினர். தெருக்குழாயில் தண்ணீர் வரவில்லை என்று புகார் சொல்ல வந்த காத்தாயியும் உறுப்பினர். அவள் புகாரை இன்னும் யாரும் கேட்கவில்லை.

நகரத்திலிருந்து ரெஜினா டீச்சர் வந்து பயிற்சி கொடுத்தார். கண்ணாடித் தகட்டை அச்சின் மேல் வைத்துச் சூடாக்கினால், கண்ணாடி இளகி அச்சின் வடிவத்துக்குத் தானாக இறங்கும். கிண்ண அச்சு என்றால் கிண்ணம். ஆறியதும் எடுத்துக்கொள்ளலாம். அச்சை எதில் செய்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது என்று சொல்லிவிட்டு டீச்சர் பஸ் ஏறினார். அவர் சொன்ன ஒவ்வொரு வாக்கியமும் மாசிலாமணிக்கு மனப்பாடம். எந்த வாக்கியம் எதற்காகச் சொல்லப்பட்டது என்பது மட்டும் அவருக்குள் தங்கவில்லை. அதை யாரும் அவரிடம் கேட்டதும் இல்லை.

“மாசிலாமணி, அச்சைப் பத்தி டீச்சர் என்ன சொன்னாங்க?” என்றார் பூவராகன்.

மாசிலாமணி கண்ணை மூடிக்கொண்டார். “சூடு தாங்கற பொருளா இருக்கணும்.”

“எங்க வீட்டுத் தட்டு தாங்காம என்ன?” என்றாள் காத்தாயி. “நான் கட்டிக்கிட்டு வந்த நாள்லேருந்து அடுப்புலதான் இருந்துச்சு. ஒரு நாளும் இப்படி மானத்தை வாங்கினதில்ல.”

“சரி, பழசை விடுக்கா. இப்ப சூளைக்குள்ள ரெண்டு பேரு போனாங்க. யாரு தாங்கினாங்க?” என்றார் இன்னாசி.

எல்லோரும் கண்ணாடியைப் பார்த்தார்கள்.

பூவராகனுக்கு உடம்பு சிலிர்த்தது. இத்தனை நாள் கண்ணெதிரே இருந்ததை யாரும் கவனிக்கவில்லை. கண்ணாடிக்கு ஏற்ற அச்சு கண்ணாடிதான். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. காத்தாயி மட்டும், அந்தப் பளபளப்பை வீட்டுக்கு எடுத்துப்போகலாமா, அதில் தோசையாவது வார்க்க முடியுமா என்று கேட்டாள். அது அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டது.

பூவராகனுக்கு அவசரம் இருந்தது. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை அவர் மகள் செங்கமலத்துக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீட்டில் ஒரு வழக்கம் உண்டு: பெண் வீட்டார் கொடுக்கும் சர்க்கரை கண்ணாடிக் கிண்ணத்தில்தான் வர வேண்டும். முன்பு ஒரு சம்பந்தத்தில் பித்தளைக் கிண்ணத்தில் மேலே சர்க்கரையும் அடியில் உப்பும் வைத்துக் கொடுத்துவிட்டார்களாம். அதில் செய்த பாயசத்தைக் குடித்த பெரியவர் ஒருவர் சாகும்வரை இனிப்பைத் தொடவில்லை. அன்றிலிருந்து, உள்ளே இருப்பது வெளியே தெரிய வேண்டும் என்பது அந்தக் குடும்பத்தின் விதி. பெண் பார்க்க வந்தபோது மாப்பிள்ளையின் அம்மா குஞ்சிதம்மாள் இதைச் சொன்னாள். பூவராகன் தலையாட்டிவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம்.

“கடைக் கிண்ணம் எதுக்குங்க? எங்க சங்கத்துலயே செஞ்சு என் கையால எடுத்துவெக்கிறேன்” என்றார்.

“அப்படின்னா அந்தக் கிண்ணத்தைப் பாத்துட்டே தட்டு மாத்திக்கலாம்” என்றாள் குஞ்சிதம்மாள். சிரிக்காமல் சொன்னாள்.

கதவுக்குப் பின்னால் நின்ற செங்கமலம் நெற்றியில் கையை வைத்துக்கொண்டாள். அவளுக்குப் பையனைப் பிடித்திருந்தது. இதற்கு முன் கூடி வந்த இடமும் அப்பாவின் வாயால்தான் போயிருந்தது.

கடைவீதிப் பாத்திரக்கடையிலிருந்து நல்ல கண்ணாடிக் கிண்ணம் ஒன்று வாங்கி வந்தார்கள். வெளிச்சத்தில் பிடித்தால் எதிரில் இருப்பவர் முகம் தெரிந்தது. பூவராகன் அதை வீட்டில் ஒருநாள் வைத்து அழகு பார்த்தார். அவர் மனைவி அலமேலு அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“ஏங்க, இதுலயே சர்க்கரையைப் போட்டுக் குடுத்துட்டா என்ன?”

பூவராகன் அவளை இரக்கத்தோடு பார்த்தார். “இது அச்சு, அலமேலு. அச்சுல யாராவது சர்க்கரை வெச்சுக் குடுப்பாங்களா?”

சங்கத்து ஜன்னலிலிருந்து இன்னொரு கண்ணாடியைக் கழற்றி, கிண்ணத்தின் மேல் வைத்துச் சூளையை மூடினார்கள். மறுநாள் திறந்தபோது, தரையில் போட்ட பணியாரம் மாதிரி ஒரு கட்டி இருந்தது. அதன் ஒரு பக்கத்தில் மட்டும் ஜன்னலின் மூலை நீட்டிக்கொண்டிருந்தது.

“ரெண்டும் ஒண்ணாயிடுச்சு” என்றார் மாசிலாமணி.

“இதுல அச்சு எது?” என்றார் பூவராகன்.

இன்னாசி கட்டியைச் சுற்றி வந்து பார்த்தார். “கீழ்ப்பக்கம் அச்சா இருக்கணும். ஆனா இப்ப கீழ்ப்பக்கம் எதுன்னு தெரியல.”

அது காகிதம் பறக்காமல் வைக்க உதவும் என்று சங்கத்துக்கே ஒதுக்கப்பட்டது. சங்கத்தில் காகிதம் எதுவும் இல்லை.

திங்கட்கிழமை காலை ரெஜினா டீச்சருக்குப் போன் போட்டார்கள். எல்லோருக்கும் கேட்கும்படி போனை மூடிய சூளையின் மேல் வைத்து, சுற்றிக் கைகட்டி நின்றார்கள். பூவராகன் நடந்ததைச் சொன்னார். டீச்சர் ஒவ்வொன்றாகச் சொன்னார்.

“அலுமினியம் உருகிடும்ங்க. கண்ணாடியும் கண்ணாடியும் ஒட்டிக்கும்ங்க. எவர்சில்வர்னா தாங்கும், ஆனா அதுக்குக் கண்ணாடியை வெளிப்பக்கமாப் போர்த்தணும், உள்ள எறக்கினா ஆறும்போது எவர்சில்வர் சுருங்கிக் கண்ணாடியை இறுக்கிடும். உங்களுக்கு மண்ணுதான் சரி. ஒரு கிண்ணத்து மேல களிமண்ணை அப்பி அச்செடுங்க. அடியில சின்னதா ஓட்டை போடுங்க, உள்ள இருக்கிற காத்து வெளிய போகணும். அச்சுல துளி ஈரம் இருக்கக் கூடாது, வெடிச்சிடும். முதல்ல வெறும் அச்சைச் சுட்டு எடுத்துடுங்க. அப்புறம் நான் குடுத்த வெள்ளைப் பொடியைத் தண்ணியில கரைச்சு உள்ள பூசுங்க, அப்பதான் கண்ணாடி ஒட்டாது. அந்தப் பொடி டப்பாவுல ஈரம் படாமப் பாத்துக்குங்க. கண்ணாடி வெச்சுச் சுட்டதும் ஆறாம திறக்காதீங்க. கை வெச்சா சுடக் கூடாது.”

மாசிலாமணியின் உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன.

“இன்னொண்ணு” என்றார் டீச்சர். “கண்ணாடி போனா வேற கண்ணாடி கெடைக்கும். நல்ல அச்சு அமையறது கஷ்டம். எது போனாலும் போகட்டும், அச்சைக் காப்பாத்துங்க.”

இந்தக் கடைசி வாக்கியம் பூவராகனின் மனதில் தைத்தது. இதுவரை யாரும் அவரிடம் எதையும் காப்பாற்றச் சொன்னதில்லை.

மறுபடியும் பாத்திரக்கடை. “போன வாரந்தானே ஒண்ணு வாங்கினீங்க. பெரிய கல்யாணமா?” என்றார் கடைக்காரர். “அது அச்சுக்கு வாங்கினது. இது அச்சு எடுக்க” என்றார் பூவராகன். கடைக்காரர் கிண்ணத்தைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார்.

ஏரியிலிருந்து களிமண் வந்தது. கிண்ணத்தைச் சுற்றி அப்பினார்கள். எங்கேயும் இடைவெளி இருக்கக் கூடாது என்று விளிம்புக்கு மேலும் மண்ணை மடித்துவிட்டார்கள். பிறகு ஓட்டை.

“சின்ன ஓட்டைன்னா எவ்வளவு சின்னது?” என்றார் இன்னாசி.

“ஊசி போற அளவு” என்றார் மாசிலாமணி.

“ஒரு கிண்ணம் நெறைய காத்து இருக்கு. அது ஊசி ஓட்டையில நசுங்கிக்கிட்டா போகும்? கட்டைவிரல் அளவாவது வேணும்.”

“கட்டைவிரல்னா அது வாசப்படி.”

பூவராகன் இரண்டு பக்கத்தையும் கேட்டுவிட்டு, ஊசிக்கும் கட்டைவிரலுக்கும் நடுவே சுண்டுவிரல் என்று தீர்ப்பு சொன்னார். காத்தாயி தன் சுண்டுவிரலை நனைத்து மண்ணில் குத்தினாள். உள்ளே கண்ணாடி தட்டுப்பட்டதும் நிறுத்தினாள்.

மண் வெயிலில் காய்ந்து சுருங்கி, உள்ளே இருந்த கிண்ணத்தை நன்றாகக் கவ்விக்கொண்டது. மேலே மடித்த விளிம்பு வேறு. கிண்ணம் அசையவில்லை. மாசிலாமணி கண்ணை மூடினார்.

“எது போனாலும் போகட்டும், அச்சைக் காப்பாத்துங்க.”

சந்தேகத்துக்கே இடமில்லை. பூவராகன் சின்னச் சுத்தியலை எடுத்து, உள்ளேயிருந்து கிண்ணத்தைத் தட்டி உடைத்தார். துண்டு துண்டாக, ஒரு தாய் குழந்தைக்குத் தலை வாருகிற பொறுமையோடு எடுத்தார். மடித்த விளிம்பைக் கத்தியால் சீவினார். அச்சில் ஒரு கீறல் இல்லை. எல்லோரும் மூச்சு விட்டார்கள்.

மூச்சு விட்ட பிறகுதான் இன்னாசிக்கு ஒன்று தோன்றியது.

“தலைவரே, கண்ணாடியில வாயை வெச்சு ஊதினா ஈரம் படியுதுல்ல?”

“ஆமா.”

“அப்ப மூச்சுலயே ஈரம் இருக்கு.”

நான்கு பேரும் ஒரே நேரத்தில் பின்வாங்கினார்கள். அதன் பிறகு அச்சு இருந்த அறைக்குள் போகிறவர் வாயைத் துண்டால் கட்டிக்கொண்டு போனார். அழுகிறவர்களுக்கு அனுமதி இல்லை என்று ஆனது. இட்லித் தட்டை நினைத்து அவ்வப்போது கண் கலங்கிய காத்தாயியை மனதில் வைத்துச் செய்த விதி அது. டீக்கடைக்காரர் உடம்பிலேயே ஆவி இருக்கும் என்று இன்னாசியும் வெளியே நிறுத்தப்பட்டார். அவரே கண்டுபிடித்த விஷயம் என்பதால் மறுத்துப் பேச முடியவில்லை.

வெறும் அச்சைச் சுட்டார்கள். வெடிக்கவில்லை. சிவந்து, கிண்ணென்று, கையில் எடுத்துத் தடவத் தோன்றும்படி வந்தது. இது எப்படி நடந்தது என்று அவர்களுக்கே புரியவில்லை.

அடுத்தது பொடி. டீச்சர் கொடுத்த டப்பா மூடி திறக்காமல் அலமாரியில் இருந்தது.

“தண்ணியில கரைச்சுப் பூசணும்” என்றார் மாசிலாமணி. “ஆனா பொடியில ஈரம் படக் கூடாது. அச்சுலயும் ஈரம் இருக்கக் கூடாது.”

“மூணையும் டீச்சரே சொன்னாங்களா?”

“மூணையும்.”

பூவராகன் வெகுநேரம் யோசித்தார். மூன்றில் ஒன்றை மீறினால் மற்ற இரண்டும் கெட்டுவிடும் என்று பட்டது. கடைசியில் மூடிய டப்பாவை அச்சைச் சுற்றி, கண்ணேறு கழிப்பது போல மெதுவாகக் காட்டச் சொன்னார். மாசிலாமணி காட்டினார். பொடியிலும் ஈரம் படவில்லை, அச்சிலும் ஈரம் படவில்லை.

சங்கத்து ஜன்னலில் மிச்சமிருந்த கடைசிக் கண்ணாடியைக் கழற்றி அச்சின் மேல் வைத்தார்கள். மூடியைச் சாத்தும் நேரத்தில் காத்தாயி, “ஓட்டை வழியா வர்ற காத்து எங்க போகும்? சூளைதான் மூடியிருக்கே” என்றாள்.

நியாயமான கேள்வி. சூளையின் பக்கவாட்டில் இருந்த சின்னத் துவாரத்தின் அடைப்பை எடுத்தார்கள். அங்கிருந்து காற்று அறைக்கு வரும். அறையிலிருந்து? ஜன்னலைத் திறந்தார்கள். அதில் கண்ணாடியே இல்லை என்றாலும் முறைப்படி கொக்கியை எடுத்துத் திறந்தார்கள். இன்னாசி தெருவில் நின்று, போகிறவர் வருகிறவரை எல்லாம் கொஞ்சம் ஒதுங்கச் சொன்னார். சைக்கிளில் வந்த ஒருவர் இறங்கித் தள்ளிக்கொண்டு போனார்.

“வந்துச்சா?” என்று உள்ளேயிருந்து கேட்டார் பூவராகன்.

“இன்னும் இல்ல.”

கொஞ்ச நேரம் கழித்து, “இப்ப வந்துச்சு தலைவரே. லேசா சூடா இருந்துச்சு. மேக்கால போயிடுச்சு” என்றார் இன்னாசி.

சூளையை நிறுத்தினார்கள். இனி ஆற வேண்டும். கை வைத்தால் சுடக் கூடாது. யார் கை என்பதில் கூட்டம் நடந்தது. இன்னாசியின் கை கொதிக்கும் பாலில் பழகியது. அதற்குச் சூடு தெரியாது. காத்தாயியின் கை அடுப்பில் பழகியது. மாசிலாமணி, தன் கைக்கு எப்போதும் எல்லாமே குளிர்ச்சியாகத்தான் தெரியும் என்றார். ஊரிலேயே வேலை செய்து பழகாத கை தலைவருடையதுதான் என்று மூவரும் ஒப்புக்கொண்டார்கள். பூவராகனுக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது. வலது உள்ளங்கையைச் சூளையின் மேல் முழுதாக வைத்தார்.

“சுடுது” என்றார்.

கையில் வாழைச்சாறு தடவிக் கட்டுப் போட்டார்கள். அதன் பிறகு அவ்வப்போது வந்து அதே கையை வைத்துப் பார்த்தார். வைத்தபோதெல்லாம் சுட்டது. வியாழக்கிழமை பொழுது சாயும்போதும் சுட்டது. வெள்ளிக்கிழமை விடிந்து, பட்டு வேட்டி கட்டிக்கொண்டு வந்து வைத்தபோதும் சுள்ளென்று சுட்டது.

“என்ன சூளைய்யா இது, அணைச்சும் எரியுது” என்றார் மாசிலாமணி.

அலமேலு தெருமுனையில் நின்று குரல் கொடுத்தாள். “ஏங்க, அவங்க பஸ்ஸை விட்டு எறங்கிட்டாங்க. கிண்ணம் எங்க?”

பூவராகன் பதறிப்போய்ச் சூளையின் மேல் இடது கையை ஊன்றினார். ஊன்றிய கையை எடுக்கவில்லை. அப்படியே கொஞ்ச நேரம் நின்றார்.

“இந்தப் பக்கம் ஆறியிருக்கு” என்றார்.

மூடியைத் தூக்கினார்கள்.

கிண்ணம் இருந்தது. அச்சுக்குள் அழகாக இறங்கி, விளிம்பு உருண்டு, மெல்லிய பச்சை ஓடிய கிண்ணம். ஜன்னல் வழியாக வந்த வெயில் அதில் விழுந்து உள்சுவரெல்லாம் ஆடியது. சங்கத்து ஜன்னலில் ஈ மொய்த்துக் கிடந்த கண்ணாடிதான் இது என்று சொன்னால் நம்ப முடியாது. பூவராகனின் கண் நிறைந்தது. உடனே ஈரம் நினைவுக்கு வந்து தோளில் கிடந்த துண்டால் துடைத்துக்கொண்டார். இதைச் செங்கமலம் கையில் ஏந்தி வருவதை அவர் அந்த இடத்திலேயே பார்த்தார்.

கிண்ணத்தைத் தூக்கினார். அச்சும் சேர்ந்து வந்தது.

திருகிப் பார்த்தார்கள். கவிழ்த்துப் பார்த்தார்கள். கண்ணாடி மண்ணோடு ஒட்டியிருந்தது. அடியில் இருந்த ஓட்டை வழியாகவும் கொஞ்சம் இறங்கி, வெளியே மூக்குத்தித் திருகாணி மாதிரி உருண்டு நின்றது.

“காத்து போன வழியிலயே கண்ணாடியும் கெளம்பியிருக்கு” என்றாள் காத்தாயி.

“இப்படியே அச்சோட கொண்டுபோயிடலாமா?” என்றார் இன்னாசி.

“உள்ள இருக்கிறது வெளிய தெரியணுமே. சுத்தி மண்ணு இருந்தா எப்படித் தெரியும்?” என்றார் பூவராகன்.

“அப்ப மண்ணை உடைச்சிட்டு—”

இன்னாசி முடிக்கவில்லை. மாசிலாமணி அவரைப் பார்த்த பார்வை அப்படி. பிறகு மாசிலாமணி கண்ணை மூடினார். சொல்லப்போவது என்ன என்று எல்லோருக்கும் தெரியும். இருந்தாலும் முழுதும் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்தார்கள்.

“கண்ணாடி போனா வேற கண்ணாடி கெடைக்கும். நல்ல அச்சு அமையறது கஷ்டம். எது போனாலும் போகட்டும், அச்சைக் காப்பாத்துங்க.”

பூவராகன் சுத்தியலைப் பார்த்தார். தகப்பனாக நினைத்தால் கை வரவில்லை. தலைவராக நினைத்துப் பார்த்தார். அப்போதும் வலது கை வரவில்லை, கட்டுப் போட்டிருந்தது. இடது கையால் எடுத்தார். முதல் தட்டில் கிண்ணம் நட்சத்திரமாக விரிசல் விட்டது. ஒவ்வொரு துண்டாகப் பெயர்த்து, ஓட்டையில் நின்ற திருகாணியைக் கடைசியாகத் தள்ளி வெளியே எடுத்தார். தேங்காய் நாரால் தேய்த்துத் துடைத்தார். நால்வரும் அச்சை வெளிச்சத்தில் வைத்து, விளிம்பிலிருந்து அடிவரை பரிசோதித்தார்கள்.

“ஒண்ணும் ஆகல” என்றார் பூவராகன்.

வீட்டில் மாப்பிள்ளை வீட்டார் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். காபி கொடுத்தாகிவிட்டது. குஞ்சிதம்மாள் டம்ளரைத் தொடவில்லை. பூவராகன் பட்டுத்துண்டால் மூடிய தாம்பாளத்தோடு உள்ளே வந்தார். பின்னால் மூன்று உறுப்பினர்களும் வந்து சுவரோரம் நின்றார்கள். துண்டை எடுத்தார்.

“இது என்னாது?” என்றாள் குஞ்சிதம்மாள்.

“அச்சுங்க.”

“கிண்ணம்?”

“வந்துதுங்க. என்னமா வந்துது தெரியுமா? அச்சைக் காப்பாத்தறதுக்காக உடைச்சிட்டோம்.”

மாப்பிள்ளையின் அப்பா கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். “இருங்க. அச்சு எதுக்கு?”

“கிண்ணம் செய்யறதுக்குங்க.”

“கிண்ணம்?”

“உடைச்சிட்டோம்.”

“எதுக்கு?”

“அச்சுக்காக.”

அவர் விரலால் காற்றில் ஒரு வட்டம் போட்டுப் பார்த்தார். வட்டம் சேர்ந்தது. “கணக்கு சரியாத்தான் வருது” என்று மனைவியிடம் சொன்னார்.

“என்ன கணக்கு?” என்றாள் குஞ்சிதம்மாள். “உள்ள இருக்கிறது வெளிய தெரியணும்னு சொல்லியிருந்தேன். இது மண்ணு. இதுல உப்பு வெச்சாலும் தெரியாது, உளுந்து வெச்சாலும் தெரியாது.” அவள் எழுந்துகொள்ளப் பக்கத்தில் இருந்த பையை எடுத்தாள். உள்ளே செங்கமலம் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அப்பாவைப் பார்த்தாள். பூவராகன் சொல்ல வாயைத் திறந்தார். வாழ்க்கையில் முதல்முறையாக ஒன்றும் வரவில்லை.

அந்த மௌனம் அலமேலுவுக்குத் தாங்கவில்லை. ஏதாவது செய்ய வேண்டும் என்று சர்க்கரை டப்பாவைக் கொண்டுவந்து, தாம்பாளத்திலிருந்து அச்சைத் தூக்கிப் பிடித்து, அதில் கொட்டினாள்.

சர்க்கரை அடியில் இருந்த ஓட்டை வழியாகச் சரசரவென்று இறங்கியது. தாம்பாளத்தில் சின்னதாக ஒரு குவியல் எழுந்தது. மேலே கொட்டக் கொட்டக் கீழே வந்துகொண்டே இருந்தது. டப்பா காலியாகும்வரை யாரும் அசையவில்லை.

குஞ்சிதம்மாள் பையை வைத்துவிட்டுக் குனிந்தாள். குவியலின் உச்சியில் தொட்டு நாக்கில் வைத்தாள். நடுவில் தொட்டு வைத்தாள். அடியில் விரலை விட்டுக் கிளறி வைத்தாள்.

“அடியிலயும் சர்க்கரைதான்” என்றாள்.

“வேற என்ன இருக்கும்?” என்றாள் அலமேலு.

“நீங்க பேசாம இருங்க சம்பந்தி.” குஞ்சிதம்மாள் அச்சை வாங்கி, ஓட்டை வழியாகக் கணவரைப் பார்த்தாள். “இத்தனை வருஷமா கண்ணாடி கண்ணாடின்னு ஏமாந்துட்டோம்ங்க. கண்ணாடியில ஓரத்துல இருக்கிறதுதான் தெரியும். நடுவுல உப்பு வெச்சா யாரு கண்டா? இதுல ஒண்ணு மிச்சமில்லாம அதுவா வெளிய வந்து சொல்லிடுது.”

பூவராகனுக்குப் பேச்சு திரும்பி வந்தது. “அதுக்குத்தான் சுண்டுவிரல் அளவு வெச்சோம்ங்க. ஊசியா கட்டைவிரலான்னு ஒரே விவாதம்.”

தட்டு மாற்றிக்கொண்டார்கள். குஞ்சிதம்மாள் தன் பங்காளி வீட்டுக்கெல்லாம் ஆளுக்கொரு அச்சு வேண்டும் என்று அந்த இடத்திலேயே சங்கத்துக்கு ஆர்டர் கொடுத்தாள்.

“மண்ணுதானே, செஞ்சு சுட்டுக் குடுத்துட்டாப் போச்சு” என்றாள் அலமேலு.

மாசிலாமணி சிரித்தார். “அது எப்படிங்க? கண்ணாடியை வெச்சு, எறக்கி, ஆறவிட்டு, உடைச்சாத்தான் இது. சும்மா மண்ணைச் சுட்டா அது வேற சாமான்.”

“குறுக்கு வழியெல்லாம் வேணாம்” என்றாள் குஞ்சிதம்மாள். “முதல்ல செஞ்ச மாதிரியே செய்ங்க. கண்ணாடியும் நல்லா வந்திருக்கணும். அதை உடைக்கிறப்ப எங்க ஆளு ஒருத்தர் பக்கத்துல இருப்பாரு.”

சங்கத்தில் இனி ஜன்னல் கண்ணாடி இல்லை என்பது இன்னாசிக்கு நினைவு வந்தது. மாப்பிள்ளையின் அப்பா, தங்கள் வீட்டில் தெருப்பக்கம் பெரிய ஜன்னலாக இரண்டு இருக்கிறது, கழற்றிக்கொள்ளலாம் என்றார். அடுத்த சூட்டுக்கு யார் கையை வைத்துப் பார்ப்பது என்ற பேச்சு எழுந்தது. தலைவர் கையில் கட்டு இருக்கிறது. மாப்பிள்ளையின் அப்பா தன் உள்ளங்கையை விரித்துக் காட்டினார். காத்தாயி அதைத் தொட்டுப் பார்த்து, பரவாயில்லை, வேலை செய்த கை இல்லை என்றாள்.

அலமேலு சர்க்கரையை மறுபடி அச்சில் அள்ளிப் போட்டு மகளிடம் கொடுத்தாள். செங்கமலம் அடியில் சுண்டுவிரலை வைத்து அடைத்துக்கொண்டு, பாயைச் சுற்றி நடந்து, மாப்பிள்ளைக்கு எதிரே வந்து நின்றாள். பெரியவர்கள் கையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவள் விரலை எடுத்தாள். அவன் உள்ளங்கையைக் கீழே நீட்டி, கொஞ்சம் சேர்ந்ததும் வாயில் போட்டுக்கொண்டான்.